ஆண் நாய்க்குட்டிக்கு ஒரு விதை இறங்கவில்லை: எத்தனை மாதம் பொறுக்கலாம்?

காட்பாடி காந்திநகர் | மே 9

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு ஒரு லாப்ரடார் ஆண் குட்டி வந்து சேர்ந்தது. மணி என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்றோடு அவனுக்கு 9 வாரம் முடிகிறது; எடை 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நேற்று இரண்டாவது தடுப்பூசிக்காக மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, மருத்துவர் ஊசியைக் கையில் எடுக்கும் முன் குட்டியின் அடிவயிற்றையும் கவட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, தடுப்பூசிப் புத்தகத்தின் ஓரத்தில் "இடது விதை உள்ளது, வலது விதை கைக்கு அகப்படவில்லை" என்று எழுதினார். வெளியே பசுவும் ஆடுமாக வரிசை நின்றதால் விளக்கமாகப் பேச முடியவில்லை; அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

குட்டியை விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "கத்திரி முடிவதற்குள் தானாக இறங்கிவிடும், வேலூர் வெயிலுக்கு இறங்காத விதை உண்டா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். என் மாமனாரோ, கத்தரிக்காய் வாங்கும்போதுகூடக் காம்பைக் கிள்ளிப் பார்க்கிற நீங்கள் இதைப் பார்க்காமல் எப்படி வாங்கினீர்கள் என்கிறார். இரண்டாலும் எனக்குப் பயனில்லை. எத்தனை மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம், வீட்டிலேயே தடவிப் பார்த்து அறிய முடியுமா, இறங்காமலே போனால் பின்னாளில் அவனுக்கு என்ன ஆகும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


குடியாத்தம் ஆட்டுப்பட்டி | மே 9

ஐயா, நான் ஆடு வளர்க்கிறவன். நாயைப் பற்றி அதிகம் தெரியாது. எங்கள் பட்டியில் கிடாக்குட்டி பிறந்து உடம்பு ஈரம் காயும் முன்பே விதைப்பையில் இரண்டும் கைக்கு அகப்படும். ஒன்று மட்டும் இருந்தால் அதை "ஒத்தக் கொட்டை" என்போம். பொலிக்கு வைத்துக்கொள்ளாமல் சந்தைக்கு ஓட்டிவிடுவோம். 9 வாரமாக வராதது இனி எங்கே வரப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | மே 10

குடியாத்தம் நண்பர் சொன்னது ஆட்டுக்கும் மாட்டுக்கும் முழுக்கச் சரி. அவற்றுக்கு விதை இறங்கும் வேலை தாயின் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். நாய்க்கு அப்படி இல்லை. நாய்க்குட்டி பிறக்கும் நாளில் விதை இரண்டும் இன்னும் வயிற்றுக்குள்தான் இருக்கும். அவை சிறுநீரகத்தின் பின்முனையை ஒட்டி உருவானவை. அங்கிருந்து விதைப்பை வரை நாண் போன்ற ஒரு திசு ஓடுகிறது. அது முதலில் பருத்துக் கவட்டிலுள்ள வழியை அகலப்படுத்துகிறது, பிறகு சுருங்கி விதையை அந்த வழியாகக் கீழே வரவிடுகிறது. பிறந்த 3 அல்லது 4 நாளில் விதை கவட்டைக் கடக்கும். ஏறக்குறைய 5 வாரத்தில் பைக்குள் தன் இடத்தைப் பிடிக்கும். வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்று முன்னால் இருப்பதால் வலது விதைக்கு நடக்க வேண்டிய தூரம் அதிகம். தங்கிப்போவதும் பெரும்பாலும் வலதுதான். உங்கள் மணியின் கதையும் அதுவாக இருக்கலாம்.

ஆகவே கணக்கு இது. 8 வாரத்தில் இரண்டும் கைக்கு அகப்பட வேண்டும். அகப்படாவிட்டால் குறித்துவைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பிந்தி வருகிறவற்றில் பெரும்பாலானவை 4 மாதத்துக்குள் வந்துவிடும். 6 மாதத்துக்குள், விதை இறங்கும் வழியான கவட்டு வளையம் இறுகிவிடுவதால், அதற்குப் பிறகும் காணாத விதையை "இறங்காத விதை" என்று முடிவு செய்துவிடலாம்.

விற்றவர் சொன்ன வெயில் கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது. விதையை மேலே இழுக்கும் தசை ஒன்று உண்டு. குளிரிலும் பயத்திலும் அது சுருங்கும், வெப்பத்தில் தளரும். மார்கழிக் காலையில் ஏலகிரியில் பார்த்தால் காணாமல் போகிற விதை, மே மாத மதியத்தில் காட்பாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் இது ஏற்கெனவே கவட்டைக் கடந்து வந்த விதைக்குத்தான் பொருந்தும். வயிற்றுக்குள் தங்கிவிட்டதை எந்தக் கத்திரியும் இறக்காது. நாயின் உடல்சூடே ஏறக்குறைய 38.5 பாகை செல்சியஸ். விதை உள்ளே இருப்பது வருடம் முழுவதும் கத்திரியில் இருப்பது போலத்தான்.

வீட்டில் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். குட்டி பால்சோறு தின்றுவிட்டு ஒருக்களித்துத் தூங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கை சில்லென்று இருக்கக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கவட்டின் மேலிருந்து விதைப்பையை நோக்கி, பசுவுக்குப் பால் இறக்குவது போல மெதுவாக வழித்துக்கொண்டு வாருங்கள். ஊறவைத்த பட்டாணி போல வழுவழுப்பாக, விரலுக்கடியில் நழுவி ஓடும் ஒன்று அகப்பட்டால் அது விதை. அதைப் பை வரை வழித்துக்கொண்டுவர முடிகிறதா, விட்டால் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். கவட்டில் கொழுப்புத் திரளும் நெறிக்கட்டியும் உண்டு. அவை பைக்குள் வராது, அதுதான் வேறுபாடு. ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரம் இரண்டு முறை பார்த்து, தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இதைப் பார்க்கும்போதே வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். தொப்புளில் அல்லது கவட்டில் மெத்தென்ற புடைப்பு இருக்கிறதா, சிறுநீர் குறியின் நுனியிலிருந்து ஒரே தாரையாக வருகிறதா, பின்காலின் முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவுகிறதா என்பவை அவை. விதை இறங்காத குட்டிகளிடம் குடலிறக்கமும் சில்லு நழுவலும் மற்றக் குட்டிகளைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன.

இன்னொன்று. குட்டி உங்களிடம் 7 வாரத்தில் வந்திருக்கிறது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. அதைப் பின்பற்றியிருந்தால் வாங்கும் இடத்திலேயே இது தெரிந்திருக்கும்.


வாணியம்பாடி புதியவர் | மே 11

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் 5 மாத நாட்டுக் குட்டியைத் தடவிப் பார்த்தேன். அவன் விளையாட்டில் துள்ளும்போது குறியின் நடுப்பகுதியில், வயிற்றை ஒட்டி, இரண்டு பக்கமும் உருண்டையாக இரண்டு கட்டிகள் எழுகின்றன. சற்று நேரத்தில் மறைந்துவிடுகின்றன. அவைதான் இறங்காத விதைகளா? தவிர, குறியின் நுனியில் மஞ்சளாக ஒரு கசிவும் இருக்கிறது. தனியாக ஒரு கேள்வி போடக் கூச்சமாக இருந்ததால் இங்கேயே கேட்டுவிட்டேன்.


ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | மே 11

கூச்சப்பட ஒன்றுமில்லை, தம்பி. பணியில் இருந்த காலத்தில் இதே கேள்வியோடு, கட்டி வந்துவிட்டது என்று கண் கலங்கி ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். அது விதை அல்ல, கட்டியும் அல்ல. ஆண் நாயின் குறியின் அடிப்பகுதியில் கிளர்ச்சியின்போது இரத்தம் நிறைந்து உருண்டையாகப் பருக்கும் திசு அது. இணை சேரும்போது நாய்கள் பூட்டிக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். தானாக வற்றிவிடும். குறி வெளியே வந்து உள்ளே போகாமல் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும், காய்ந்து நிறம் மாறும் முன் மருத்துவரிடம் ஓடுங்கள்.

மஞ்சள் கசிவு பருவமடையும் ஆண் குட்டிகளுக்கு இயல்பு. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்றால் விட்டுவிடுங்கள். இரத்தம் கலந்திருந்தால், நாற்றம் அடித்தால், அல்லது ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தால் காட்ட வேண்டும். தெருவில் அவிழ்த்துவிடுகிற நாயாக இருந்து இரத்தம் சொட்டினால், இணைசேர்க்கையால் பரவும் குறிப்புற்று உண்டா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அது நம் ஊர்த் தெருநாய்களிடம் சாதாரணம். வாரம் ஒரு மருந்தூசி வீதம் சில வாரங்களில் பெரும்பாலும் குணமாகிவிடும். உங்கள் குட்டியின் விதைகளை, அவன் தூங்கும்போது, பின்கால்களுக்கு இடையிலுள்ள பையில் தேடுங்கள்.


ஆம்பூர் பழைய நண்பர் | மே 13

இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து. என்னிடம் உள்ள ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் ஒற்றை விதைதான். இப்போது அவனுக்கு 4 வயது. குதிரை போல இருக்கிறான். இரண்டு பெட்டைகளுக்கு விட்டு 11 குட்டிகள் பிறந்திருக்கின்றன. விதை இறங்குவதற்கு ஹார்மோன் ஊசி இருக்கிறது. வாரம் இரண்டு வீதம் போட்டால் இறங்கும் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். காட்பாடி நண்பர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று இருந்தாலே போதும் என்பதற்கு என் நாயே சாட்சி.


ஆரணி வேட்டைநாய்ப் பிரியன் | மே 13

ஆம்பூர் அண்ணனுக்கு வணக்கம். நான் சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டைநாய்கள் வளர்க்கிறேன். சில கண்காட்சிகளுக்கும் கொண்டுபோயிருக்கிறேன். இந்திய கென்னல் கிளப்பின் கண்காட்சி வளையத்தில் நடுவர் பல்லைப் பார்த்த கையோடு பின்னால் போய் விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். இயல்பான இரண்டு விதைகளும் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் நாய் எவ்வளவு அழகாக நடந்தாலும் வெளியேதான். இது வெறும் அழகுக்காக வைத்த விதி என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

ஒற்றை விதை நாய்க்குக் குட்டி பிறக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கீழே இறங்கிய விதை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, சிக்கலே அதுதான். குறை மரபு வழியாகப் போகிறது. இரண்டும் இறங்காத நாய், உள்சூட்டில் விந்து உருவாகாததால் தன் குறையைத் தன்னோடு முடித்துக்கொள்ளும். ஒன்று இறங்கிய நாய்தான் அதை ஊரெல்லாம் விதைக்கும். இந்த ஊசியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஊசிக்குப் பிறகு இறங்கியது என்கிறவர்களின் குட்டிக்கு அப்போது 3 அல்லது 4 மாதம்தான் இருக்கும். ஊசி போடாவிட்டாலும் அது இறங்கியிருக்கும். ஒருவேளை ஊசியால்தான் இறங்கியது என்றே வைத்துக்கொண்டாலும், குறையுள்ள நாயைக் குறையில்லாதது போலக் காட்டிப் பொலிக்கு விடுவதற்குத்தான் அது உதவும். அறுவை செய்து விதையை இழுத்துப் பையில் தைத்துவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஏமாற்று என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

அண்ணன் தவறாக நினைக்க வேண்டாம், ஒரு கேள்வி. அந்த 11 குட்டிகளில் ஆண் எத்தனை? அவற்றில் எத்தனைக்கு இரண்டும் இறங்கியிருந்தன?


ஆம்பூர் பழைய நண்பர் | மே 14

ஆண் குட்டிகள் 6. ஒன்றரை மாதத்திலேயே எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கவட்டைத் தடவிப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது, தம்பி. எண்ணவில்லை.


சத்துவாச்சாரி பாட்டி | மே 16

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு இரண்டு நாட்களாக மனம் கேட்கவில்லை.

எங்களிடம் டாமி என்று ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் இருந்தான். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் அவனை 3 வயதில் எங்களிடம் விட்டுச் சென்றது. "கருத்தடை செய்துவிட்டோம், தொல்லை இருக்காது" என்று சொன்னார்கள். பையும் வெறுமையாகத்தான் இருந்தது. தையல் தழும்பு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கருத்தடை செய்த நாய் ஏன் ஒவ்வொரு மின்கம்பத்திலும் காலைத் தூக்குகிறது, தெருவில் பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் ஏன் இரண்டு நாள் சோறு தின்னாமல் கேட்டருகே படுத்துக்கிடக்கிறது என்றும் யோசிக்கவில்லை.

அவனுக்கு 8 வயது நடந்தபோது இரண்டு விலாப்பக்கமும் ஒரே அளவாக முடி உதிரத் தொடங்கியது. தோல் கறுத்தது. முலைக்காம்புகள் பெட்டைக்குப் போலத் தடித்தன; பூச்சிக்கடி என்று நினைத்து நான் மஞ்சள் அரைத்துப் பூசினேன். காலைத் தூக்காமல் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கத் தொடங்கினான். எல்லாவற்றையும்விட விநோதம், தெருவிலுள்ள ஆண் நாய்கள் இவன் பின்னால் சுற்றின. பேரப்பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தோல் நோய் என்று 5 மாதம் ஷாம்பு, மாத்திரை, வேப்பெண்ணெய் என்று ஓடியது. பார்த்த ஒரு மருத்துவரும், விதை வெளியே இல்லையே, எங்கே போனது என்று கேட்கவில்லை. நாங்களும்தான் கருத்தடை செய்த நாய் என்று உறுதியாகச் சொன்னோம்.

ஒரு நாள் காலை அவன் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து தரையில் காய்ந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. ஸ்கேனில் வயிற்றுக்குள், சிறுநீர்ப்பைக்கு மேலே, ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்குக் கட்டி. உள்ளேயே தங்கிய விதை புற்றாகியிருக்கிறது, அது பெண் ஹார்மோனைச் சுரந்து எலும்பு மச்சையை ஒடுக்கிவிட்டது, அதனால்தான் இரத்தம் ஊறவில்லை என்று விளக்கினார்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இன்னொரு நாயின் இரத்தம் ஏற்றினார்கள். இரத்தத்தை உறையவைக்கும் தட்டுகள் அறுவை செய்யும் அளவுக்கு ஏறவே இல்லை. 11-ஆம் நாள் போய்விட்டான்.

காட்பாடித் தம்பி, உங்கள் குட்டிக்கு ஒன்று உள்ளே இருக்கிறது என்று 9 வாரத்திலேயே புத்தகத்தில் எழுதிக்கொடுத்த அந்த மருத்துவருக்கு ஒருமுறை நன்றி சொல்லுங்கள்.


ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | மே 16

அம்மா எழுதியதில் எந்த மிகையும் இல்லை. விதை உள்ளே தங்கிய நாயின் முதுமையில் நேரக்கூடியதை வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறார். இறங்காத விதையில் புற்று வரும் வாய்ப்பு இறங்கிய விதையைவிட 10 மடங்குக்கும் மேல். எல்லாப் புற்றும் பெண் ஹார்மோனைச் சுரப்பதில்லை. சுரக்கும் வகை வந்தால் இப்படித்தான் போகும். கட்டி பெருத்த விதை வயிற்றுக்குள் முறுக்கிக்கொண்டு, ஒரே இரவில் நாயைச் சுருண்டு விழவைப்பதும் உண்டு.

தழும்பில்லாத வெறும் பையைக் கண்டால் நம்பாதீர்கள். விதை உள்ளே இருக்கிறதா, எடுக்கப்பட்டுவிட்டதா என்று அறிய இப்போது இரத்தப் பரிசோதனையே இருக்கிறது. தூண்டு ஊசி போட்டு அதற்கு முன்னும் பின்னும் ஆண் ஹார்மோன் அளவைப் பார்ப்பார்கள்.

காட்பாடி நண்பர் இதனால் இன்றே அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. புற்று வருவது பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு. லாப்ரடார் போன்ற பெரிய இனத்துக்கு 6 மாதத்துக்கு முன் விதையை எடுப்பது மூட்டுகளுக்கு நல்லதில்லை என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 6 மாதம் வரை விதைக்கு வாய்ப்புக் கொடுங்கள். அதற்குப் பிறகு, ஒரு வயதைத் தாண்டவிடாமல் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது இரண்டையும் எடுக்க வேண்டும். கையில் அகப்படுகிற இடதை மட்டும் எடுத்து அனுப்புகிறவரிடம் போய்விடாதீர்கள். அப்படிச் செய்தால், சில வருடம் கழித்து உங்கள் மணி இன்னொரு டாமியாகிவிடுவான்.


காட்பாடி காந்திநகர் | ஜூலை 20

மணிக்கு நான்கரை மாதம் ஆகிறது. மருத்துவர் ஐயா சொன்னபடி வாரம் இரண்டு முறை, புதனும் ஞாயிறும், நாள்காட்டியில் குறித்துவருகிறேன். தூங்கும் குட்டியின் கவட்டைத் தடவுகிற மருமகனைப் பார்த்து மாமனாருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவரே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார். ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் வலது கவட்டில் ஏதோ நழுவியது. வந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. மறுநாள் மருத்துவர் தொட்டுப் பார்த்து, அது கொழுப்புத் திரள் என்றார். இடது இப்போது நெல்லிக்காயில் பாதி இருக்கும். தொப்புள், முழங்கால் சில்லு எல்லாம் சரியாக உள்ளன.


காட்பாடி காந்திநகர் | செப்டம்பர் 28

6 மாதம் முடிந்து மூன்று வாரங்கள் ஆயின. வலது வரவில்லை. சென்ற வாரம் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் நன்றாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், காலையில் அவனை வெளியே விடாமலே கூட்டிப்போனேன்; பாவம், வண்டியில் முனகிக்கொண்டே வந்தான். வலது சிறுநீரகத்திலிருந்து தொடங்கிக் கவட்டு வரை கருவியை நகர்த்திக்கொண்டே தேடினார்கள். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில், கவட்டு வளையத்துக்கு இரண்டு விரற்கடை உள்ளே, சிறியதாக நீள்வட்டமாக ஒன்று தெரிந்தது. திரையில் அதன் நடுவில் வெண்மையாக ஒரு கோடு ஓடியது. அந்தக் கோடு இருந்தால் விதைதான் என்று காட்டினார்.

அறுவைக்குத் தேதி கொடுக்கும் முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தட்டுகள் 90,000-க்குக் கீழே இருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். நான்கு வார மாத்திரை முடியாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். தாமதம் ஆபத்தில்லையா?


ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | செப்டம்பர் 28

ஆபத்து அவசரத்தில்தான் இருக்கிறது. நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும். நாய் துள்ளி விளையாடும், இரத்தம் மட்டும் உறையாது. அந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் சிறு கசிவும் நிற்காது. பரிசோதனை செய்யாமல் தேதி கொடுக்கிறவரைவிட, இப்படித் தள்ளிப்போடுகிறவரை நம்புங்கள். இந்த விதை இன்னும் ஒரு மாதம் உள்ளே இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டில் உண்ணிக்கு மருந்து போடும்போது கவட்டையும் விதைப்பையின் பின்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். உண்ணி ஒளிந்திருக்கப் பிடித்த இடம் அது.


காட்பாடி காந்திநகர் | நவம்பர் 17

சென்ற புதன்கிழமை அறுவை முடிந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாள். அந்த நெரிசலில் காரின் பின்னிருக்கையில் அரை மயக்கத்தில் கிடந்த மணியோடு வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வலது விதைக்காகக் குறியின் பக்கவாட்டில் அடிவயிற்றில் ஒரு வெட்டு, இடதுக்கு விதைப்பைக்கு முன்னால் ஒரு சிறு வெட்டு என இரண்டு தையல்கள். வெளியே எடுத்ததும் எவர்சில்வர் தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார் மருத்துவர். இடது பெரிய நெல்லிக்காய் அளவு, அழுத்தினால் கெட்டியாக இருந்தது. வலது ஒரு சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியது. தட்டையாக, வெளிறி, விரல் பட்டதும் அமுங்கியது. ஒரே குட்டியின் ஒரே வயதுள்ள இரண்டு விதைகள் என்று நம்பக் கடினமாக இருந்தது. இரண்டும் எடுக்கப்பட்டன என்பதைத் தேதியோடு தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். சத்துவாச்சாரி அம்மாவின் பதிவை அவருக்கும் படித்துக் காட்டினேன்.

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக் கதவையெல்லாம் இடித்துக்கொண்டு திரிகிறான். பத்து நாளில் தையல் பிரிக்க வேண்டும்.

மணியின் தங்கை ஒருத்தி ஆற்காட்டில் ஒரு வீட்டில் இருக்கிறாள். அவளை அடுத்த வருடம் குட்டி போடவிட எண்ணியிருக்கிறார்கள் என்று கேள்வி. பெட்டைக்கு விதையே கிடையாதே, அந்த வீட்டாரிடம் இதைச் சொல்வதில் பொருள் உண்டா?


ஆரணி வேட்டைநாய்ப் பிரியன் | நவம்பர் 17

மணி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, ஐயா. அவசியம் சொல்லுங்கள். இந்தக் குறை ஆண் குட்டியில்தான் கண்ணுக்குத் தெரியும். சுமந்து செல்வதில் தாய்க்கும் பங்கு உண்டு. மணிக்கு வந்திருக்கிறது என்றால் தந்தையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; தாயும் தங்கையும் வெளியே தெரியாமல் அதைத் தாங்கியிருக்கக்கூடும். நான் கன்னி இனப் பெட்டை ஒன்றை, அவள் தம்பிக்கு ஒன்று இறங்காததால் ஈனவிடாமல் நிறுத்தினேன். ஓட்டத்தில் அவளுக்கு இணையாக என்னிடம் இன்னொன்று இல்லை. மனம் ஒப்பவில்லை, இருந்தும் செய்தேன். விற்றவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை.


காட்பாடி காந்திநகர் | நவம்பர் 19

ஆற்காட்டு வீட்டில் பேசிவிட்டேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். வேறு நல்ல ஆண் நாயாகப் பார்த்துச் சேர்த்தால் போதாதா என்று கேட்டார்கள். இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். விற்றவர் இம்முறை சிரிக்கவில்லை. "அடுத்த ஈற்றுக்கு அதே ஜோடியைத்தான் சேர்த்திருக்கிறேன், இன்னும் பத்து நாளில் போடும்" என்றார்.


ஆம்பூர் பழைய நண்பர் | நவம்பர் 23

ஆரணித் தம்பி மே மாதம் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இரண்டாவது ஈற்றின் ஆண் குட்டிகள் 4 பேரின் வீடுகளுக்கும் தொலைபேசியில் பேசினேன். முதல் ஈற்றில் ஒருவர் எண்ணை மாற்றிவிட்டார், இன்னொருவர் எடுக்கவில்லை. அந்த 4 பேரில் மூன்று வீடுகளில், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி மறுநாள் அழைத்தார்கள், இரண்டும் இருக்கின்றனவாம். நான்காவது பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டிக்காரர் வீடு. அவர் மனைவி நான் சொன்னபடி நாய் தூங்கும்போது தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்றுதான் இருக்கிறது, அண்ணா, இரண்டு இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். அவனுக்கு வரும் மாதம் ஒரு வயது முடிகிறது. ஸ்கேன் எடுக்கும் இடத்தின் விவரத்தைக் காட்பாடி நண்பர் தனிச்செய்தியில் அனுப்பினால் அவர்களுக்குச் சொல்லிவிடுவேன். என் நாயையும் அதே நாளில் கூட்டிவருகிறேன்.